54 கிலோ

ஒலிம்பிக்ஸுக்குப் போன ஒருவருக்குச் சரிசமமாக நானும் ஒரு விஷயத்தில் இருந்திருக்கிறேன். எடையில்!

சிரிக்காதீர்கள். 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் நம் தமிழ்நாட்டுக்காரர் வெங்கடேசன் தேவராஜன் குத்துச்சண்டையில் இந்தியாவுக்காக இறங்கினார். பாண்டம் வெயிட் பிரிவு. அதாவது 54 கிலோ. அதே வருஷம் மங்கலம்பேட்டை கடைத்தெருவில், பழைய பேப்பர் கடை பாயின் பெரிய தராசில் விளையாட்டாக ஏறி நின்றபோது நானும் சுத்தமாக 54 கிலோ. "பேப்பரா இருந்தா கையில காசு குடுத்து அனுப்பிடுவேன் தம்பி, உன்னை என்ன பண்றது?" என்றார் பாய்.

மங்கலம்பேட்டை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். விருத்தாசலத்தில் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். விருத்தாசலம் தெரியும்தானே? தெரியாவிட்டாலும் அந்த ஊர் உங்கள் வீட்டில் இருக்கும். ஊறுகாய் ஜாடி, அந்தக் காலத்து ஃப்யூஸ் கட்டை, கொலு பொம்மை என்று ஏதோ ஒரு பீங்கான் ரூபத்தில். என் அப்பா அங்கே செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் அச்சு வார்க்கிற வேலை பார்த்தார். களிமண் கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகினதும் எடுத்து, காயவைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். சூளையிலிருந்து வரும்போது சிலது கப்பாக வரும், சிலது விரிசலோடு வரும். விரிசல் விட்டதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். டீ குடித்தால் சட்டையில் சொட்டும்.

இப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்கு எதற்கு பாக்ஸிங்?

முதல் குற்றவாளி என் பெரியப்பா. 1980-ல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார் அல்லவா? எம்.ஜி.ஆர். முதலமைச்சர். நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிக் குத்துச்சண்டை. அதைப் பார்க்கப் பெரியப்பா ரயிலேறிப் போனார். திரும்பி வந்து பத்து வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கேலரியின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தவர், வருஷம் ஏற ஏற முன்னே நகர்ந்து, கடைசியில் அலியின் வேர்வை தன் மேல் தெறித்ததாகச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

இரண்டாவது குற்றவாளி டீக்கடை பேப்பர். பார்சிலோனாவுக்குப் போகிற இந்தியக் குத்துச்சண்டைக்காரர்களின் பட்டியல் பொடி எழுத்தில் வந்திருந்தது. வடக்கத்திப் பெயர்களுக்கு நடுவே 'தேவராஜன்' என்று ஒன்று. நம்ம பக்கத்துப் பெயர்! அதற்குப் பக்கத்தில் 54 கிலோ. எனக்கு மண்டைக்குள் என்னவோ ஆகிவிட்டது. தினம் ராத்திரி தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்தேன். ஓட்டம் காட்டினார்கள், நீச்சல் காட்டினார்கள், குத்துச்சண்டை மட்டும் என் கண்ணில் படவில்லை. படுகிற மாதிரி இருந்த அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது.

அந்த ஒலிம்பிக்ஸில் தேவராஜனுக்குப் பதக்கம் இல்லை. இந்தியாவுக்கே ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். அமெச்சூர் குத்துச்சண்டையில் அப்போது மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிஷம். ஆக ஒன்பது நிமிஷம். மாவட்டம், மாநிலம், தேசியம், முகாம், தேர்வு என்று வருஷக்கணக்காக மூக்கில் வாங்கி, கடல் தாண்டிப் போய் ஒன்பதே நிமிஷம். தோற்றால் அடுத்த ஃப்ளைட். கிரிக்கெட்டில் முதல் இன்னிங்ஸில் முட்டை போட்டவனுக்குக்கூட இரண்டாவது இன்னிங்ஸ் உண்டு.

அதுவும் பார்சிலோனாவில் ஒரு புதுக் கூத்து. அதற்கு முந்தின 1988 சியோல் ஒலிம்பிக்ஸ் இறுதிப் போட்டியில் ராய் ஜோன்ஸ் என்கிற அமெரிக்கப் பையன், கொரியாக்காரரை மூன்று ரவுண்டும் துவைத்து எடுத்தார். தீர்ப்பு? மூன்றுக்கு இரண்டு என்று கொரியாக்காரருக்கு! உலகமே காறித் துப்பியது. உடனே, மனிதர்களை நம்பினால் ஆகாது என்று கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். ஐந்து நடுவர்கள், ஆளுக்கு ஒரு சிவப்புப் பட்டன், ஒரு நீலப் பட்டன். குத்து விழுந்ததும் ஒரே விநாடிக்குள் மூன்று பேராவது அமுக்கினால்தான் பாயிண்ட். இரண்டு பேர் அமுக்கி மூன்றாவது ஆள் தும்மினால் போச்சு. வாங்கினவனுக்கு வலிக்கும், கம்ப்யூட்டருக்கு வலிக்காது.

இதையெல்லாம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது 54 கிலோ மட்டும்தான்.

1993-ல் டிகிரியை முடித்துவிட்டு மெட்ராஸ் வந்தேன். ஒரு அச்சாபீஸில் பில் போடுகிற வேலை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு ரூமில் நான்கு பேர். வடசென்னையில் ஒரு கீற்றுக் கொட்டகையில் ஒரு மாஸ்டர் பாக்ஸிங் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு, போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊர் நைனா?" "மங்கலம்பேட்டை சார்." "அது இன்னா ஊரோ. கையத் தூக்கு" என்றார். தூக்கினேன். அந்தக் கையைக் கீழே போட அவர் எட்டு மாசம் விடவில்லை.

பாக்ஸிங் என்றால் குத்துவது என்று நினைத்திருந்தேன். முதல் மூன்று மாசம் கயிறு தாண்டுவதும், காலை நகர்த்துவதும், குத்து வாங்காமல் தலையை விலக்குவதும்தான். பேண்டேஜ் சுற்றக் கற்றுக்கொள்ளவே ஒரு வாரம். கட்டை விரலில் மாட்டி, மணிக்கட்டில் சுற்றி, விரல்களுக்கு நடுவே விட்டு... ஆபீஸில் பஞ்ச் கார்டு இருந்தது. 'பஞ்ச்' பண்ணும்போதுகூட இடது தோளை முன்னால் கொடுத்துப் பழகிவிட்டேன்.

1994 ஜூனில் ஒரு நாள் மாஸ்டர் பேப்பரோடு வந்தார். பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பை குத்துச்சண்டையில் தேவராஜனுக்கு வெண்கலம்! கொட்டகையில் எல்லோருக்கும் டீ, பன். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. செய்தியைக் கத்தரித்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார். உள்ளங்கை அகலம்கூட இல்லை அந்தச் செய்தி. உலக அளவில் மூன்றாவது இடம் பிடித்த ஒருத்தர், ஒரு சோற்றுப் பருக்கையில் நின்றார்.

மறுநாள் ஆபீஸில் சொன்னேன். "தேவராஜனா? எந்த டிபார்ட்மென்ட்?" என்றார் ஹெட் கிளார்க்.

அந்த உற்சாகத்தில் மாஸ்டர் என்னை மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். 54 கிலோ பிரிவு. தராசில் ஏறிப் பார்த்தால் 56 கிலோ! எல்லாம் திருவல்லிக்கேணி பரோட்டா சால்னா செய்த வேலை. பத்து நாளில் இரண்டு கிலோ இறக்க வேண்டும். காலை நாலரை மணிக்கு ரெயின்கோட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மெரினாவில் ஓடினேன். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. பீட் கான்ஸ்டபிள் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் நிறுத்தி, "ஏம்ப்பா, வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்று கேட்டார். கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தினேன். வாயில் புளியைப் போட்டு எச்சிலை ஊறவைத்துத் துப்பித் துப்பி கால் கிலோ இறக்கினேன். எடை போடும் நாளில் ஜட்டியோடு தராசில் ஏறியபோது 53 கிலோ 900 கிராம். சர்வதேச வீரர்கள் இதை வருஷம் முழுக்க, ஒவ்வொரு போட்டிக்கும் செய்கிறார்கள். ரிங்குக்குள் இருக்கிற எதிராளியை அப்புறம்தான் பார்க்க வேண்டும். முதல் எதிராளி சோறு.

என் போட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுருக்கமாகத்தான் நடந்தது. நான் நீல மூலை. சிவப்பு மூலையில் ஒரு ரயில்வே காலனிப் பையன். மணி அடித்தது. முதல் ரவுண்டில் சமாளித்தேன். இரண்டாவது ரவுண்டில் என் மூக்கிலிருந்து அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ரெஃப்ரி எட்டு எண்ணினார். கண்ணில் தண்ணீர், வாயில் உப்பு. மூன்றாவது ரவுண்டும் நின்றேன். விழவில்லை. எங்கள் போட்டிக்குக் கம்ப்யூட்டர் ஏது? பேப்பர்தான். ஐந்து பேப்பரும் சிவப்புக்கு.

ஊருக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "பல்லு எல்லாம் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள். வாயைத் திறந்து காட்டினேன். எண்ணிப் பார்த்துத் திருப்தியாகி, ரசம் வைக்கப் போனாள். எனக்கு அப்போது விசித்திரமாக இருந்தது.

அடுத்த வாரம் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு அப்ளிகேஷன் வாங்கிப் போட்டேன். 1995-ல் தேவராஜனுக்கு அர்ஜுனா விருது கொடுத்தார்கள். 1996-ல் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கொடுத்தார்கள். இன்றுவரை ஆபீஸில் யாராவது என் மூக்கைப் பார்த்துக் கேட்டால், "பாக்ஸிங் ஸார். மூக்கு உடைஞ்சதால விட்டுட்டேன்" என்பேன். கேட்பவர்களுக்கு ஒரு மரியாதை வரும். ஃபைல் சீக்கிரம் நகரும்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், போன மாசம் என் தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணே, உடனே கிளம்பி வா. இவ கையெழுத்து போடுன்னு ஒரு பாரத்தை நீட்டுறா. நான் போட மாட்டேன்."

'இவ' என்பது தங்கை மகள். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். கல்லூரியில் சேர்ந்ததும் பாக்ஸிங் போகிறாள் என்று தெரியும். ஏதோ எக்ஸர்சைஸ் என்று நினைத்திருந்தோம். அது மாநிலப் போட்டியில் வெள்ளியோடு வந்து நின்றபிறகுதான் வீட்டுக்கு விஷயம் புரிந்தது. இப்போது வெளியூரில் ஒரு வருஷப் பயிற்சி. 'காயங்களுக்குப் பெற்றோரே பொறுப்பு' என்கிற மாதிரி ஒரு படிவம். மாப்பிள்ளை குவைத்தில். கையெழுத்துப் போட வேண்டியவள் தங்கை.

"பொம்பளப் புள்ள அண்ணே. மூஞ்சி கோணிப்போச்சுன்னா யாரு கட்டுவா? நீ சொன்னாதான் கேப்பா. உனக்குத்தான் மூக்கு உடைஞ்சிருக்கு!"

பெரிய தகுதிதான். சனிக்கிழமை பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்லிப் பயமுறுத்துவது என்று யோசித்துக்கொண்டே போனேன். சரக்குக்குக் குறைவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "கவுர் சிங் தெரியுமா உனக்கு? பஞ்சாப்காரர். ஆர்மி. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவி வெயிட் தங்கம். 1980-ல முகமது அலியோடயே டெல்லியில கண்காட்சிப் போட்டியில மோதினவர். பத்மஸ்ரீ வேற. கடைசி காலத்துல ஹார்ட் வைத்தியத்துக்குக் கடன் வாங்கினாரு. 2023-ல போய்ட்டாரு" என்றேன்.

"தெரியும் மாமா."

"லாக்கா சிங்? 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல வெண்கலம். அட்லாண்டா ஒலிம்பிக்ஸுக்குப் போனவரு. அப்புறம் லூதியானாவுல டாக்ஸி ஓட்டினாரு."

"தெரியும் மாமா."

"அவ்வளவு ஏன், நம்ம தேவராஜன்... ஒலிம்பிக்ஸ், உலகக் கோப்பை வெண்கலம், அர்ஜுனா. ஊர்ல பத்துப் பேரை நிறுத்திக் கேளு. யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும். எங்க ஸார் சொல்லியிருக்காரு."

எனக்குக் கொஞ்சம் இறங்கிவிட்டது. இருந்தாலும் விடவில்லை. "உங்க விளையாட்டையே 2028 ஒலிம்பிக்ஸ்ல சேர்ப்பாங்களா மாட்டாங்களான்னு இருந்துச்சு. சங்கத்துல அவ்வளவு ஊழல். 2025-லதான் முடிவாச்சு."

"சேர்த்துட்டாங்கல்ல மாமா? 2024 பாரிஸ்ல ஆம்பளைங்களுக்கு 51-க்கு அப்புறம் நேரா 57. உங்க 54 கிலோவே கிடையாது. லேடீஸ்க்கு 54 இருந்துச்சு." சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். "நான் 54."

என் சரக்கு தீர்ந்துவிட்டது. அவள் முறை வந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். மூணாவது ரவுண்டுல நீங்க என்ன நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

முப்பது வருஷத்தில் யாரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. பொய் சொல்லியிருக்கலாம். அவள் பார்த்த பார்வையில் வரவில்லை.

"எப்படா மணி அடிப்பாங்கன்னு" என்றேன். "மூக்கெல்லாம் வலிக்கல. அது அப்புறம்தான் வலிச்சுது. ஓரத்துல ஒரு கடிகாரம் இருந்துச்சு. அதைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "ஃபைனல்ல நான் பின்தங்கி இருந்தேன் மாமா. எனக்கு, ஐயோ, மணி அடிச்சுடப் போறாங்களேன்னு இருந்துச்சு" என்றாள்.

தங்கை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பி, "போடும்மா கையெழுத்து" என்றேன்.

அவ்வளவுதான். "உன்னை எதுக்கு வரச் சொன்னேன், நீ என்ன சொல்ற!" என்று பிடித்துக்கொண்டாள். அழுகை, மூக்குச் சிந்தல். கடைசியில் பிரம்மாஸ்திரத்தை எடுத்தாள். "நாளைக்கே கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போறேன். இவ மேல பிராது கட்டப்போறேன்!"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். நம் குறையைக் காகிதத்தில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். கோர்ட் மாதிரியேதான். பிராதுக்குக் கட்டணம் உண்டு. அதுவும் நம் ஊர் எத்தனை கிலோமீட்டரோ அந்தக் கணக்கில். காரியம் முடிந்தால் போய் வாபஸ் வாங்க வேண்டும்.

அதுவரை மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா உலக்கையை நிறுத்தினாள். எண்பதை நெருங்குகிறாள். காது மந்தம். ஆனால் தேவையான வார்த்தை மட்டும் கேட்கும்.

"பிராதெல்லாம் ஒண்ணும் கட்ட வேணாம். ஏற்கெனவே ஒண்ணு கிடக்குது."

"என்னம்மா?"

"இவன் மெட்ராஸ்ல குஸ்திக்குப் போறேன்னு கடுதாசி போட்டான்ல, அப்பக் கட்டுனது. வாபஸ் வாங்கல. மறந்துட்டேன்."

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "என்னன்னு எழுதினே?"

"எம் புள்ள சண்டையில தோத்துடணும், பல்லு ஒண்ணும் போகக் கூடாது, சர்க்கார் வேலை கிடைக்கணும்னு. உங்கப்பாதான் எழுதுனாரு."

ஐந்து பேப்பரும் சிவப்புக்குப் போன ரகசியம் அன்றைக்குத்தான் தெரிந்தது! மூன்று கோரிக்கையும் ஒன்றுவிடாமல் சாங்ஷன். பல்லைப் பற்றி எழுதியவர்கள் மூக்கைப் பற்றி எழுத மறந்துவிட்டார்கள். கொளஞ்சியப்பர் மனுவில் இல்லாததை ஏன் கவனிக்கப் போகிறார்? நானும் கவர்மென்ட் ஆபீஸில்தான் இருக்கிறேன், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அப்பாவை நினைத்துக்கொண்டேன். நான் தோற்று வந்த அன்று ஒரு வார்த்தை பேசாமல், சூளைக் கம்பெனியிலிருந்து விரிசல் இல்லாத கப் ஒன்று கொண்டுவந்து, அதில் எனக்கு டீ கொடுத்தார். மருந்து மாதிரி என்று நினைத்திருந்தேன். அது அபராதம் போலிருக்கிறது.

மறுநாள் காலை எல்லோரும் ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். ஆயாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டாள் பேத்தி. பிராது எழுதித் தருகிற இடத்தில் இருந்த பெரியவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"புதுசா, வாபஸா?"

"வாபஸ்" என்றாள் அம்மா.

"எந்த வருஷம்?"

"தொண்ணுத்தி நாலு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "முப்பது வருஷமா வாபஸ் வாங்காம இருக்கீங்களா? யார் மேல பிராது?"

அம்மா என்னைக் கையைக் காட்டினாள். "தோ நிக்கிறான் பாருங்க. இவன் மேலதான்."

பெரியவர் என் மூக்கைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பணத்தைக் கட்டி, சாமி கும்பிட்டுத் திருநீறு வாங்கி வந்தோம். தங்கை மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். மேஜையில் நூல் கட்டிய பேனா ஒன்று கிடந்தது. பிராது எழுத வருகிறவர்களுக்காக. அவளும் புதுசாக எழுதப் போகிறாள் என்றே நினைத்தேன். கைப்பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்தாள். நூல் எட்டவில்லை. குனிந்து, மேஜை ஓரத்தில் வைத்து, தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.

எழுதி முடித்துப் படிவத்தை என்னிடம் நீட்டினாள். "மத்ததெல்லாம் நீயே ஃபில்லப் பண்ணு அண்ணே. உனக்குத்தான் பாரம் பூர்த்தி பண்ணத் தெரியும்."

பண்ணினேன். பெயர், பிறந்த தேதி, ஊர் மங்கலம்பேட்டை. எடை என்ற கட்டத்துக்கு வந்ததும் கேட்காமலே 54 என்று எழுதப்போனேன்.

"53.8 மாமா" என்றாள். "காலையில பார்த்தேன்."